எழுபது வளைவும் எண்ணூறு சி.சி.யும்

மே 19, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை. இருபத்தெட்டு வருடம் அறிவியல் பாடம் நடத்தி, பட்டியலில் என் பெயர் ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்து, கடைசியில் கிடைத்த பள்ளிக்கூடம் கொல்லிமலை மேல் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஜூன் 2, பள்ளி திறக்கிற அன்று காலை போய்ச் சேர வேண்டும். வேண்டாமென்றால் அதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்து என் முறை எப்போது வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். எனக்கு ஐம்பத்தைந்து நடக்கிறது.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் நல்லுசாமி நல்ல மனிதர்தான், கோழித் தீவன மில்லில் மேலாளர். ஆனால் நல்ல செய்தி எது சொன்னாலும் முதலில் அதில் கல் பொறுக்குவார். நாமக்கல்லில் முதல் பஸ் பிடித்தாலும் முதல் பீரியடு முடிந்துதான் போய்ச் சேருவாய் என்றார். மேலேயே வீடு எடுத்துத் தங்கலாமே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். சர்க்கரை மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்தாலும் அதை மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறவர் இவர். ஐந்து நாள் தனியாக விட்டால் வெள்ளிக்கிழமை நான் மலையிறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேண்டும்.

நம் காரில் தினமும் போய் வருகிறேன் என்றேன்.

"அந்த வண்டி மலை ஏறாது வசந்தா. புல்லிங் இல்ல" என்றார். அதோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மே 20, செவ்வாய்

அரிசி வடகத்துக்கு மாவு கிளறினேன். இவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. வடகம் நன்றாக வந்திருக்கிறது.

மே 22, வியாழன்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவதற்கு ஒரு சட்டம் உண்டு. ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டு மிதிக்க வேண்டும். முட்டை உடையக் கூடாது. நாமக்கல்காரருக்கு வேறு எது ஞாபகம் வரும்? பத்து கிலோமீட்டர் வேகம் வந்ததும் இரண்டாவது கியர், இருபதில் மூன்றாவது, முப்பத்தைந்தில் நான்காவது. முதல் கியர் என்பது வண்டி கிளம்புவதற்கு மட்டும். எக்காரணம் கொண்டும் வண்டி கத்தக் கூடாது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்காருவதற்குள் இவர் நாலு பேரிடம் சொல்லிவிடுவார், எங்கள் வண்டி லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுக்கிறதென்று.

எண்ணூறு சி.சி., மூன்று சிலிண்டர், முப்பத்தேழு குதிரைசக்தி. வாங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. எங்கேயாவது மேட்டில் திணறினால் இவரைத் தவிர மற்ற எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். வண்டி காலியாக மேலே போய் நிற்கும், நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போய் ஏறிக்கொள்வோம். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. சின்னக் கார் வைத்திருக்கிற எல்லாக் குடும்பமும் அப்படித்தான் மலை ஏறுகிறது.

இன்று இவர் மில்லிலேயே ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொண்டு வந்தார். பதவி உயர்வு வேண்டாமென்று நான் எழுதுவது போன்ற கடிதம். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

சனிக்கிழமை காரில் மலைக்குப் போய்ப் பார்ப்போம், நான் ஓட்டுகிறேன், ஏறினால் வேலையில் சேருகிறேன், ஏறாவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னேன். உடனே சரி என்றார். அப்படி உடனே சரி என்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 24, சனி

ஒன்பதாவது வளைவு.

அதற்கு மேல் போகவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் சிந்துஜா விடுமுறைக்கு வந்திருந்தாள், அவள் பின்சீட்டில், இவர் என் பக்கத்தில். ஏசியை அடிவாரத்திலேயே அணைத்துவிட்டோம். மலை ஏறும்போது ஏசி போடுவது எங்கள் வீட்டில் தெய்வக் குற்றம். எட்டு வளைவு வரை எப்படியோ உருண்டோம். ஒன்பதாவதில் இரண்டாவது கியரில் வண்டி தடதடவென்று உதறியது. நின்றேவிட்டது. இவரும் பாப்பாவும் பழக்கப்படி கதவைத் திறந்து இறங்கினார்கள். நான் பாதி கிளட்ச்சில் வைத்து வைத்து அழுத்தினேன். ரப்பர் கருகுகிற நாற்றம். பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு பலாப்பழ வண்டியும் ஆரன் அடித்தன.

இவர் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். மேலே ஏற்றுவார் என்று நினைத்தேன். வண்டியைத் திருப்பிக் கீழே கொண்டுவந்துவிட்டார். என்னைத் திட்டாமல் இருக்கவே வீடு வரை உம்மென்று வந்தார் போலிருக்கிறது. இவர் உள்ளங்கையை மாற்றி மாற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே ஓட்டியதையும் பார்த்தேன். வெயில்.

சொன்ன சொல்படி நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆனால் கிளட்ச் கருகிய வண்டியை வைத்து எப்படி ஒரு முடிவுக்கு வருவது? சோதனையில் கருவி சரியில்லையென்றால் முடிவை எழுதக் கூடாது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கடிதத்தை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன்.

மே 26, திங்கள்

பாப்பா நேற்றுக் கிளம்பிவிட்டாள். வண்டியை திருச்சி ரோட்டு மெக்கானிக் தாவூத் பாயிடம் விட்டேன். கிளட்ச் மாற்றினார். இன்ஜினையும் பார்த்துச் சொல்லுங்கள், வயசாகிவிட்டது, புல்லிங் இல்லை என்றேன். பாய் அரை மணி நேரம் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு தானே ஏறி வெளியே ஓட்டிக்கொண்டு போனார். எங்கள் வண்டி தெருமுனையில் கத்திக்கொண்டு போன சத்தம் கேட்டு நான் ரோட்டுக்கே வந்துவிட்டேன். அந்த மாதிரிச் சத்தம் அதன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

திரும்பி வந்து சாவியைக் கொடுத்தார். "இஞ்சின் புதுசாட்டம் இருக்குது டீச்சர். இந்த வண்டி இத்தன வருசமா ஓடவே இல்ல, நடந்துதான் இருக்குது" என்றார்.

என்ன அர்த்தம் என்று கேட்டேன். சிரித்தார். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மே 27, செவ்வாய்

டேஷ்போர்டுக்குள் இருந்த கையேட்டை எடுத்தேன். வண்டி வாங்கிய நாளில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது. பதினெட்டு வருடத்தில் யாரும் பிரிக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த சந்தனம் மட்டும் காய்ந்து உதிர்ந்தது.

நடுப்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். ஒவ்வொரு கியரிலும் அதிகபட்சம் எவ்வளவு வேகம் போகலாம் என்று போட்டிருக்கிறது. முதல் கியரில் முப்பது. இரண்டாவதில் ஐம்பத்தைந்து. மூன்றாவதில் எண்பத்தைந்து.

முதல் கியரில் முப்பது! நாங்கள் பத்தில் மாற்றுகிறோம்.

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் கணக்குப் போட்டேன். முப்பத்தேழு குதிரைசக்தி என்பது இன்ஜின் முழு வேகத்தில் சுற்றினால்தான் கிடைக்கும். எங்கள் முட்டைச் சட்டப்படி சுற்றினால் பத்துதான் வரும். திறன் என்பது ஒரு நொடியில் செய்யும் வேலை. மெதுவாகச் சுற்றினால் ஒரு நொடியில் குறைவான வெடிப்பு, குறைவான வேலை. இதை நான் இருபத்தெட்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. முப்பத்தேழு குதிரையை வீட்டில் கட்டித் தீனி போட்டுவிட்டு பத்தை மட்டும் பூட்டி ஓட்டிக்கொண்டு, வண்டிக்கு பலமில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறோம். கீழ்க் கியர் சக்கரத்துக்குக் கொடுக்கிற இழுவையைத்தான் நாங்கள் "கிளம்புவதற்கு மட்டும்" என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அறிவியல் டீச்சர்! வெட்கமாக இருந்தது. அப்புறம் வெட்கம் போய் ஒரு குறுகுறுப்பு வந்தது.

ரசம் மறுபடி வைத்தேன். இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் செய்து பார்க்க வேண்டும்.

மே 28, புதன்

இவர் ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் மில்லுக்குப் போனதும் காரின் உறையைக் கழற்றினேன். காரவள்ளி. தனியாக.

முதல் வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு இறக்கினேன், வளைவில் முதல் கியர். ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி கத்தியது. உடனே காலை எடுத்துவிட்டேன். கால் தானாக எடுத்தது, நான் எடுக்கவில்லை. யாரோ "உஷ்" என்று அதட்டியது மாதிரி. இரண்டாவது வளைவிலும் அப்படியே. மூன்றாவதில் என்னையே திட்டிக்கொண்டு, வாய்விட்டு, "மிதிடி" என்று சொல்லி மிதித்தேன். அது கத்தக் கத்த நான் எடுக்கவில்லை.

ஏறியது! பாரம் தூக்குகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுவார் இல்லையா, அப்படி ஒரு கணம் நிதானித்து, அப்புறம் முதுகு சீட்டில் ஒட்டும்படி ஏறியது. ஒன்பதாவது வளைவு வந்ததே தெரியவில்லை. பலகையைப் பார்த்தபோது பன்னிரண்டு என்று இருந்தது.

இருபத்திரண்டாவதில் திருப்பினேன். கேஸ் சிலிண்டர் வருகிற நாள். கீழே இறங்கும்போதும் இரண்டாவது கியரிலேயே விட்டேன், அதுவே பிடித்துக்கொண்டு இறங்கியது. வீட்டுக்கு வந்து உறையைப் போட்டு மூடினேன். மூடிய பிறகும் வண்டி உள்ளே டிக் டிக்கென்று சூடு ஆறிக்கொண்டிருந்தது.

மே 29, வியாழன்

41. மோர் மிளகாய் மாடியில் காய்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டார்கள், தினமும் எங்கே போகிறீர்கள் என்று. கோயிலுக்கு என்றேன்.

மே 30, வெள்ளி

70.

எழுபது! எழுபதாவது பலகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கவலையில்லை. மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் டீ குடித்தேன், அன்னாசிப்பழம் இரண்டு வாங்கினேன். பள்ளிக்கூடம் இன்னும் கொஞ்சம் உள்ளே, ஒரு சரிவின் மேல் இருக்கிறது. உள்ளே போகவில்லை, ரோட்டிலிருந்தே பார்த்தேன். நீலக் கேட். பூட்டியிருந்தது. எட்டு மாதமாகத் தலைமை ஆசிரியர் இல்லையாம், டீக்கடைக்காரர் சொன்னார். பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழில் கையெழுத்து வாங்க ஒவ்வொருவரும் ராசிபுரம் வரை அலைகிறார்களாம்.

இவரிடம் சொல்ல வேண்டும். நாளை சொல்லலாம். இன்று மில்லில் களைத்து வந்திருப்பார். அன்னாசிப்பழம் உழவர் சந்தையில் வாங்கியது என்றேன்.

மே 31, சனி

நான் சொல்வதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். காலையில் பெட்ரோல் போட வண்டியை எடுத்தவர் பாதியில் திரும்பி வந்தார். மைலேஜ் பார்க்கிற மனிதருக்கு மீட்டரில் இருக்கும் எண் தன் பிறந்த தேதியைப் போல மனப்பாடம் என்பதை நான் மறந்தேபோனேன்.

"மூணு நாள்ல இருநூத்தி எழுவது கிலோமீட்டர் ஓடியிருக்குது. லிட்டருக்குப் பன்னெண்டுதான் குடுத்திருக்குது. எங்க போன?"

எழுபதாவது வளைவு வரைக்கும் என்றேன்.

கத்துவார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு ஏற்காட்டைப் பற்றிச் சொன்னார்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் ஏற்காடு போனோம். ஒரு வளைவில் வண்டி திணறியது. நான் வழக்கம்போல இறங்கி மேலே நடந்துவிட்டேன். பாப்பாவுக்குப் பத்து வயது, பின்சீட்டில் நல்ல தூக்கம், எழுப்பவில்லை. வண்டி வர நேரமானது. வந்தபோது பின் பம்பர் நசுங்கியிருந்தது. கல் இடித்துவிட்டது என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இஞ்சின் நின்னு போச்சு. வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுது. பதட்டத்துல பிரேக்குன்னு நெனச்சு கிளட்ச்ச மிதிச்சுட்டேன். சுவத்துல இடிச்சு நின்னுச்சு" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு ரெண்டு அடி தள்ளி சுவரே இல்ல வசந்தா. பாப்பா முழிக்கக்கூட இல்ல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பதினான்கு வருடம். மலையென்றால் தலை சுற்றும், மலையென்றால் தலை சுற்றும் என்று என் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடைக்கானல் வராமல் இருந்த மனிதர். நான் இவருக்குப் பித்தம் என்று இஞ்சிச் சாறு போட்டுக் கொடுத்தேன். என்னை மலைக்கு அனுப்ப மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்ததெல்லாம் என் மேல் நம்பிக்கை இல்லாததால் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு கேள்வி.

"எந்த கியர்ல போனீங்க?"

"மூணு."

நான் போய் கையேட்டையும் கணக்குப் போட்ட தாளையும் எடுத்து வந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். வண்டி உங்களைக் கைவிடவில்லை, நீங்கள்தான் அதை அரைத் தூக்கத்தில் வைத்து மலை ஏற்றப் பார்த்தீர்கள் என்றேன். அந்தக் கட்டத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார். மூன்று முறை படித்தார். மூக்கை உறிஞ்சினார். சளி என்றார்.

இதோடு இந்த நாள் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதியம் இவருடைய அண்ணன் பொன்னுவேல் மாம்பழக் கூடையோடு வந்தார், கூட அவர் மனைவி அக்காவும். அவர் பெரிய டீசல் வண்டி வைத்திருப்பவர், எங்கள் வண்டியைப் பார்த்தால் பாவமாகத் தலையை ஆட்டுவார். விஷயம் கேட்டார். சிரித்தார். "ஒத்த ஆளா போனா எதுதான் ஏறாது அம்மிணி? நாலு பேரு ஒக்காந்தா அப்பத் தெரியும் சேதி" என்றார்.

நாளை ஐந்து பேரும் போவோம், நீங்களும் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அண்ணனே தொண்ணூற்றைந்து கிலோ. பாப்பாவும் இரவு பஸ்ஸில் வருகிறாள்.

அவர்கள் போன பிறகு இவர், நாளை ஏறாவிட்டால் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடு, நான் தினமும் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்றார். கெஞ்சுகிற குரலில் சொன்னார். சரி என்றேன். இந்த முறை சாக்குச் சொல்ல மாட்டேன். எனக்குப் பயமெல்லாம் இல்லை. நான்கு முறை பாத்ரூம் போனது மோர் அதிகம் குடித்ததால்.

ஜூன் 1, ஞாயிறு

வண்டிக்கு உறையைப் போட்ட கையோடு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும்.

காலை ஏழுக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் அண்ணன் உட்காரப் போனார். இவர்தான் என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றேன். பின்னால் அண்ணன், அக்கா, நடுவில் பாப்பா, டிக்கியில் நேற்றைய மாம்பழக் கூடை. அக்கா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டாள். காரவள்ளியில் ஏசியை அணைத்தேன். கண்ணாடிகளை இறக்கினோம். வண்டியின் பின்பக்கம் கனத்தில் தாழ்ந்து கிடந்தது எனக்கே தெரிந்தது.

முதல் வளைவில் கத்தவிட்டேன். அண்ணன் பதறிப்போய் கியரை மாற்றச் சொன்னார். மாற்றவில்லை. பத்தாவது வளைவில் மறுபடி சொன்னார். இஞ்சின் வெடித்துவிடும் என்றார். இருபதில் சொல்வதை நிறுத்திவிட்டார். இவர் மட்டும் என் ஸ்பீடோமீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். வலது கால் தரையில் இல்லாத ஒரு பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது.

முப்பத்தெட்டாவது வளைவு. எனக்கு முன்னால் பலாப்பழம் ஏற்றிய வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து பஸ் ஒன்று வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்க, பலாப்பழ வண்டி அப்படியே நின்றது. நானும் நின்றேன். வளைவின் நட்ட நடுவில், நல்ல ஏற்றத்தில். கண்ணாடியில் பார்த்தால் என் டிக்கியை ஒட்டி ஒரு லாரி. ஒரு அடி பின்னால் போனால் அதன் பம்பர்.

பஸ் போனது. பலாப்பழ வண்டியும் புகையைக் கக்கிவிட்டு ஏறிப்போனது. லாரிக்காரர் ஆரன் அடித்தார்.

பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். அக்கா மறுபக்கம் கைப்பிடியைத் தேடினாள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை, அது அவர்கள் கைக்கும் காலுக்கும் பழகிய காரியம். இவருடைய கையும் கைப்பிடி மேல் இருந்தது.

"யாரும் எறங்க வேண்டாம். கதவச் சாத்துங்க" என்றேன்.

அண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இவரை மட்டும் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் இவர் ஏற்காட்டில் இருந்தார் என்று எனக்குத் தெரியும். பிறகு கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, தன் கதவை ஒரு முறை தட்டிச் சரிபார்த்து, முன்னால் பார்த்து உட்கார்ந்தார்.

"ஒக்காருண்ணா. அவ ஏத்துவா" என்றார்.

பின்கதவு சாத்தியது.

ஹேண்ட் பிரேக் மேலே. முதல் கியர். மிதித்தேன். இன்ஜின் கத்தியது, மலைச்சுவரில் பட்டுத் திரும்பி வந்து காதை அடைத்தது. கிளட்ச்சை மெல்ல விட்டேன். வண்டியின் மூக்கு கொஞ்சம் தூக்கியது. அதுதான் அடையாளம், பிடித்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கை விட்டேன்.

ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை. சத்தியமாக ஒரு அங்குலம்கூட இல்லை. ஐந்து பேரையும், தொண்ணூற்றைந்து கிலோ அண்ணனையும், ஒரு கூடை மாம்பழத்தையும் தூக்கிக்கொண்டு அந்த எண்ணூறு சி.சி. ஏறியது. இருபது, இருபத்தைந்து. கால் பழைய பழக்கத்தில் கிளட்ச்சுக்குப் போனது.

"இன்னும் மாத்தாத. முப்பது வரட்டும். மிதி" என்றார் இவர். குரலை உயர்த்தவில்லை. எண்ணைப் பார்த்தபடியே சொன்னார்.

முப்பதில் மாற்றினேன். இரண்டாவதில் அது பாய்ந்தது. நான் சிரித்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பாப்பா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். முப்பத்தொன்பது, நாற்பது, ஐம்பது. அதன் பிறகு இவரே வளைவுக்கு வளைவு "ஒண்ணு", "ரெண்டு" என்று கியர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் சொல்லட்டும் என்று விட்டேன். அறுபத்து மூன்றாவது வளைவில், முன்னால் போன பலாப்பழ வண்டிக்காரர் ஓரம் ஒதுங்கிக் கை காட்டி வழி விட்டார். தாண்டும்போது அண்ணன் ஜன்னல் வழியாக அவருக்குக் கை காட்டினார், ஏதோ அவரே ஓட்டுகிற மாதிரி.

சோளக்காட்டில் வாழைக்காய் பஜ்ஜி சூடாக இருந்தது. எண்ணெய் சொட்டியது. இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, பஜ்ஜியை அதில் வைத்து அழுத்தி எண்ணெயை ஒற்றி எனக்குக் கொடுத்தார். பாதி தின்ற பிறகுதான் பார்த்தேன், அது எழுத்துப் பிழையே இல்லாத அந்தக் கடிதம். பீரோவிலிருந்து எப்போது எடுத்தார் என்று கேட்கவில்லை. இரண்டாவது பஜ்ஜியும் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 2, திங்கள்

இவர் வருகிறேன் என்றார். மில்லுக்குப் போங்கள், மாத்திரையை மறக்காதீர்கள் என்றேன். வாசலில் நின்று டயரை எல்லாம் கையால் அழுத்திப் பார்த்தார். நான் தெருமுனை திரும்புகிறவரை நின்றார்.

தனியாக ஓட்டினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது, ரோடு ஈரம். எந்த வளைவிலும் நிற்கவில்லை. எந்த வளைவிலும் எண்ணவில்லை.

சோளக்காடு தாண்டி பள்ளிக்கூடம் போகிற கடைசி ஏற்றம் கொஞ்சம் செங்குத்து. முதல் கியரில் முழுக்க மிதித்து ஏறினேன். மேலே போனால் நீலக் கேட் இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தது. உள்ளே வரிசையாகப் பிள்ளைகள், சான்றிதழ் கையெழுத்துக்குக் காத்திருக்கிற பெற்றோர் ஒரு பத்துப் பதினைந்து பேர், நான்கு ஆசிரியர்கள். நேரே உள்ளே போய் நிறுத்தினேன்.

பள்ளிக் காவலாளி சீரங்கன் என்று ஒருவர் ஓடி வந்தார். நான் வருவது எப்படித் தெரியும், நேரம் யாருக்கும் சொல்லவில்லையே என்று கேட்டேன்.

"ரெண்டு வளைவு கீழ வர்றப்பவே சத்தம் கேட்டுச்சுங்க மேடம்" என்றார். "சின்ன வண்டிங்க இந்த ஏத்தத்துல மொனகிக்கிட்டே வந்து பாதியில நின்னு போவும். நாங்க போய்த் தள்ளுவோம். இது நிக்கிற வண்டிச் சத்தம் இல்லன்னு தெரிஞ்சுது. அதான் கேட்டத் தொறந்துட்டேன்."

இன்ஜினை அணைத்தேன். உள்ளே போய், வருகைப் பதிவேட்டில் முதல் வரியில், எட்டு மாதமாகக் காலியாகக் கிடந்த கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில், பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வசந்தாமணி, தலைமை ஆசிரியை. காலை 8.52.